முப்பத்தேழு புள்ளி ஒன்பது

என் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. நேரில் "சிஸ்டர்" என்பார்கள். முதுகுக்குப் பின்னால் "பூதம் வருது, பூதம் வருது" என்பார்கள். தீவிரச் சிகிச்சைப் பிரிவின் இன்சார்ஜ் அவள். எட்டுப் படுக்கை, பத்தொன்பது வருடம். நோயாளியின் கழுத்தில் ஒட்டிய பிளாஸ்திரி ஓரம் நூலளவு பிரிந்திருந்தால் வாசலில் நின்றபடியே கண்டுபிடித்துவிடுவாள். வீட்டில் நான் சட்டையைக் கழற்றிப் போடும் இடமும் அவள் கண்ணுக்குத் தப்பாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நான் அதே கட்டடத்தில் இரண்டு மாடி கீழே, லேபில் இருக்கிறேன். ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பது என் பிழைப்பு. மேலேயிருந்து ரத்தத்தைச் சின்னப் பாட்டில்களில் அனுப்புவார்கள். அவற்றை ஓர் இயந்திரத்துக்குள் அடுக்குவேன். உள்ளே உடம்புச் சூட்டில் கதகதப்பாக இருக்கும். ஏதாவது வளர ஆரம்பித்தால் அந்தப் பாட்டிலுக்கு நேராகச் சிவப்பு விளக்கு எரியும், இயந்திரம் கத்தும். ஐந்து நாள் கத்தாவிட்டால் கிருமி இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். மேல்மாடிப் பாட்டில்களுக்காக அது ஒருமுறைகூடக் கத்தாமல் இருந்த ஆறு மாதம் உண்டு. அந்த ஆறு மாதத்தைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் அவளுடைய நல்ல காலத்தைச் சொல்லிவிடுகிறேன். அது பொய்யில்லை.

கடுமையான நோயாளிகளுக்குக் கழுத்து வழியாக ஒரு மெல்லிய குழாயை இதயத்துக்குப் பக்கம் வரை இறக்குவார்கள். லைன் என்பார்கள். மருந்து, சில பேருக்குச் சாப்பாடு, எல்லாம் அது வழியாகத்தான் போகும். உயிரைக் காப்பாற்றும் அந்தக் குழாயே கிருமி உள்ளே போகும் ராஜபாட்டையும் ஆகிவிடும். அவள் இன்சார்ஜ் ஆன வருடம், ஒரே மாதத்தில் ஐந்து பேர் அப்படிப் போனார்கள். வந்த வியாதி தீர்ந்துகொண்டிருந்தது, போட்ட குழாய் கொண்டுபோனது. ஐந்தாவது ஆள் போன அன்று வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நாமதாங்க கொன்னோம்" என்றாள். "வேற யாரும் இல்ல."

அடுத்த வாரம் ஒரு பழைய உணவு வண்டியைப் பிடித்துக் கழுவித் துடைத்து, லைன் போடத் தேவையான எல்லாவற்றையும் அதில் அடுக்கினாள். அதுவரை டாக்டர்கள் கையுறைக்கு ஓர் அலமாரி, துணிக்கு ஓர் அலமாரி என்று அலைந்துகொண்டிருந்தார்கள். அலைகிற கை எதையெல்லாம் தொடும்! நோயாளியை உச்சி முதல் பாதம் வரை மூடுகிற பெரிய துணி இல்லாமல் லைன் போடக்கூடாது என்றாள். ஒருநாள் பெரிய டாக்டரே அவசரத்தில் கைக்குட்டை அளவுத் துணியைப் போட்டுக்கொண்டு ஊசியை எடுத்துவிட்டார்.

"நிறுத்துங்க டாக்டர்."

"என்ன?"

"துணி பத்தாது. நிறுத்துங்க."

பெரிய டாக்டர் அவளை ஒரு நிமிடம் முறைத்தார். பிறகு ஊசியைக் கீழே வைத்தார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த நர்ஸுகள் அன்றைக்கு ஓர் அங்குலம் வளர்ந்துவிட்டார்கள் என்று அவளே சொல்லிச் சிரித்தாள். அதன்பின் எவள் வேண்டுமானாலும் எவரையும் நிறுத்தலாம் என்று ஆயிற்று. கிருமி குறைந்தது. நிஜமாகவே குறைந்தது, என் இயந்திரமே சாட்சி.

நர்ஸுகள் துணி மாற்றும் அறையில் ஒரு பலகையை மாட்டினாள். லைன் வழியாக யாருக்கும் கிருமி வராத நாட்கள் எத்தனை என்று தினமும் எழுதுவார்கள். யாருக்காவது வந்தால் பூஜ்யம். திங்கட்கிழமை எல்லோரும் உட்கார்ந்து எங்கே ஓட்டை விழுந்தது என்று பேசுவார்கள். எண் நாற்பது ஆகும், உடையும். அறுபது ஆகும், உடையும். அவள் உடைந்ததற்கு அழுததில்லை.

மேனேஜர் சார் அந்தப் பலகையைப் பார்த்த நாள்தான் சனியன் பிடித்த நாள். எண் அன்று தொண்ணூறு. அவர் அதைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடினார். பலகை உள்ளறையிலிருந்து வெளி வராந்தாவுக்கு வந்தது, நோயாளிகளின் சொந்தக்காரர்கள் உட்காரும் நாற்காலிகளுக்கு நேர் எதிரே. பெரிய எழுத்து, மேலே ஒரு விளக்கு. நூறாவது நாள் எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்தார். திங்கட்கிழமைக் கூட்டத்துக்கும் தானே வந்து உட்கார ஆரம்பித்தார். "இந்த நம்பர் யார் டியூட்டில உடையுதுன்னு பார்ப்போம்" என்று சிரித்தபடி சொன்னார். அந்த ஆள் எதையும் சிரித்தபடிதான் சொல்வார், அதுதான் அவரிடம் எனக்குப் பிடிக்காதது. கொஞ்ச நாளில் எண் ஒருமுறை உடைந்தது, மறுபடி பூஜ்யத்திலிருந்து ஏற ஆரம்பித்தது.

என் மனைவிக்கு அதில் பெருமை இல்லை என்று சொன்னால் நான் பொய்யன். இருந்தது. பலகையைக் கடக்கும்போது அவள் நடை கொஞ்சம் மாறும்.

கீழே லேபில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. தீவிரச் சிகிச்சையிலிருந்து வாரத்துக்கு இருபது பாட்டில் வரும் இடத்தில் பன்னிரண்டு வந்தது. பிறகு ஏழு. பிறகு மூன்று. ஒருநாள் சாப்பிடும்போது கிண்டலாகச் சொன்னேன்.

"உன் வார்டுல எல்லாரும் குண்டுக்கல்லு மாதிரி இருக்காங்க போல. அப்புறம் எதுக்கு ஐசியூல படுத்திருக்காங்க?"

"கிருமி இல்லன்னா பாட்டில் எதுக்கு? உங்களுக்கு வேலை கொறஞ்சதுன்னு சந்தோஷப்படுங்க."

நானும் சந்தோஷப்பட்டேன். காலி அடுக்கைத் துணியால் துடைத்து வைத்தேன்.

எண் நூற்று அறுபத்தைந்தைத் தாண்டியபோது லிஃப்ட் அண்ணன் நோயாளியாக உள்ளே வந்தார். எங்கள் ஆஸ்பத்திரி லிஃப்டை இருபது வருடமாக ஓட்டுகிறவர். மாடி எண்ணைச் சொல்லமாட்டார். பிரசவ வார்டு வந்தால் "அழுகை ஆரம்பிக்கிற இடம்" என்பார், எங்கள் லேபுக்கு "ரத்தம் குடிக்கிறவங்க இறங்குங்க" என்பார். குடல் பொத்துக்கொண்டு அவசர ஆபரேஷன். வாயால் சாப்பிட முடியாது, கழுத்து லைன் வழியாகத்தான் சாப்பாடு. மூன்றாம் படுக்கை. நினைவு நன்றாக இருந்தது. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வருகிற போகிற நர்ஸுகளை வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தார்.

அவர் தம்பிக்கு மனசு கேட்கவில்லை. தலைநகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்று வண்டிகூடப் பேசிவிட்டார். அண்ணிதான் மறுத்தார். வராந்தா நாற்காலியில் உட்கார்ந்து எதிர்ச் சுவரைக் கை காட்டினார்.

"அங்க பாரு. நூத்தி அறுபத்தெட்டு நாளா இங்க ஒருத்தருக்கும் கிருமி வரல. எந்தப் பெரிய ஆஸ்பத்திரில இப்படிப் போட்டிருக்கான்?" பிறகு என் மனைவியைக் கேட்டார். "நீ சொல்லு சிஸ்டர், கொண்டுபோகட்டுமா?"

"இங்கயே இருக்கட்டும் அண்ணி. நான் பார்த்துக்கறேன்."

தம்பி வண்டியைத் திருப்பி அனுப்பினார்.

நான்கு நாள் கழித்து என் மனைவி வெளியூர் போனாள். இந்தப் பலகையைப் பற்றிப் பேசத்தான். பல ஆஸ்பத்திரிகளின் நர்ஸுகள் கூடும் மாநாடு. எங்களுக்கும் வந்து சொல்லிக்கொடுங்கள் என்று நான்கு இடத்தில் கேட்டார்களாம். ஒரு வாரத்தை அதற்காகவே ஒதுக்கி, கேட்ட இடத்துக்கெல்லாம் போய்ச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தாள். போனில் ஒவ்வொரு நாளும் கேட்பாள்: "லிஃப்ட் அண்ணன் எப்படி?" வார்டில் சொன்னதை நான் சொல்வேன்: "நல்லாத்தான் இருக்காராம். லேசா உடம்பு சுடுதாம், ஆனா காய்ச்சல்னு சொல்ற அளவுக்கு இல்லையாம்."

திரும்பி வந்த அன்று பையை என் கையில் கொடுத்துவிட்டு நேராக மேலே போனாள். அங்கே நடந்ததை அவள் எத்தனை முறை சொல்லியிருப்பாள் என்று கணக்கில்லை, அதனால் நானே பார்த்த மாதிரி ஆகிவிட்டது.

அண்ணன் முகம் வற்றியிருந்தது. அவளைப் பார்த்ததும் அடையாளம் தெரியாத மாதிரி கண்ணைச் சுருக்கினார். குரலைக் கேட்டுத்தான் சிரித்தார்.

"பூதமா? வா வா. இந்தப் பொண்ணுங்களக் கொஞ்சம் கண்டிச்சு வை. மூணு நாளா சொல்றேன், என் கண்ணாடியத் துடைச்சே தரமாட்டேங்குதுங்க."

பக்கத்தில் நின்ற நர்ஸ், "நாலு தடவை துடைச்சுட்டேன் சிஸ்டர். அவருக்குப் பொழுதுபோகல" என்றாள்.

அவள் கண்ணாடியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். துளி அழுக்கில்லை. அதை அவருக்குப் போட்டுவிட்டு ஒரு விரலைக் காட்டினாள்.

"எத்தனை விரல் அண்ணே?"

"விரலா? அங்க புகையால்ல இருக்கு."

கழுத்து லைன் வழியாகச் சாப்பாடு, விடாத சூடு, கண்ணில் புகை. மூன்றையும் சேர்த்தால் என்ன என்று அவளுக்குத் தெரியும். ரத்தத்தில் பூஞ்சை ஏறினால் அது கண்ணுக்குள் போய் உட்காரும். கொடுத்துக்கொண்டிருந்த மருந்து எதுவும் பூஞ்சையைத் தொடாது.

சார்ட்டை எடுத்தாள். ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை எழுதிய உடல் வெப்பம், செல்சியஸில். முப்பத்தேழு புள்ளி எட்டு. முப்பத்தேழு புள்ளி ஒன்பது. முப்பத்தேழு புள்ளி ஒன்பது. முப்பத்தேழு புள்ளி ஒன்பது. ஆறு நாளாக ஒரு தடவைகூட முப்பத்தெட்டு இல்லை. அவள் எழுதிவைத்த விதி: லைன் உள்ளவருக்கு முப்பத்தெட்டைத் தாண்டினால் உடனே ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்பு. மருந்து எழுதிய பக்கத்தைத் திருப்பினாள். வெப்பம் பார்க்கும் ஒவ்வொரு வேளைக்கும் சரியாக ஒரு மணி நேரம் முன்னால் காய்ச்சல் குறைக்கும் மருந்து போயிருந்தது. கூடவே, டாக்டரிடம் கேட்டு, கிருமி எதுவென்றே தெரியாமல் ஒரு வீரியமான கிருமிக்கொல்லி.

ஷிப்டுக்குப் பொறுப்பான நர்ஸை நாங்கள் உயரக்காரி என்போம். எட்டு வருட அனுபவம், வேலையில் புலி. என் மனைவி கையால் வளர்ந்தவள்.

"ஏன் ரத்தம் எடுக்கல?"

"நீங்கதான சிஸ்டர் எழுதி வச்சிருக்கீங்க, முப்பத்தெட்டத் தாண்டினா எடுன்னு. தாண்டலையே."

"தாண்ட விட்டீங்களா?"

உயரக்காரி முகத்தில் ஈயாடவில்லை. "போன தடவை நம்பர் உடைஞ்சப்ப திங்கக்கிழமை கூட்டத்துல என்னை எழுப்பி நிக்க வச்சாங்க. நீங்களும்தான் பக்கத்துல உட்கார்ந்திருந்தீங்க. மேனேஜர் சார் சிரிச்சார், எல்லாரும் சிரிச்சாங்க. அதுக்கப்புறம் எந்த ஷிப்டும் எடுக்கறதில்ல சிஸ்டர். நான் மட்டும் இல்ல. மருந்து போட்டா பாதிப் பேருக்குத் தானாவே சரியாயிடுது."

"மீதிப் பாதி?"



அன்றைக்கே லைனைப் பிடுங்கினார்கள். கண் டாக்டரை வரவழைத்தார்கள். கண்ணுக்குள் பஞ்சு பஞ்சாக வெள்ளை என்றார் அவர். பெரிய டாக்டர் சோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் பூஞ்சை மருந்தை ஆரம்பித்தார். ரத்தப் பாட்டில் இரண்டையும் என் மனைவியே கையில் எடுத்துக்கொண்டு மாடிப்படியில் இறங்கி வந்தாள். லிஃப்டில் வரவில்லை. நான் வாங்கி உள்ளே வைத்தேன். அவள் என்னைத் தாண்டிக் காலி அடுக்குகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எப்பலேர்ந்து இப்படிக் காலியா இருக்கு?"

"ஆறு மாசமா."

"உங்களுக்கு ஒண்ணும் தோணலையா?"

"தோணுச்சு" என்றேன். அவளிடம் பொய் சொல்லி இத்தனை வருடத்தில் தப்பித்ததில்லை. "தோணுச்சு. ஆனா வீட்டுல எல்லாரும் சந்தோஷமா இருந்தோம்ல."

அவள் படியேறி மேலே போனாள். அவள் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் மாலை நான்கு மணிக்கு இயந்திரம் கத்தியது. ஒரு துளியைக் கண்ணாடித் துண்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். மொட்டு விட்டுக்கொண்டு உருண்டை உருண்டையாக இருந்தன, கூட்டம் கூட்டமாக. எனக்குக் கோபம் வந்தது. அந்தப் பூஞ்சைமேல் இல்லை, அதற்கு என்ன தெரியும்! எங்கள் எல்லோர்மேலும் வந்தது. சிரிக்கிற அந்த மேனேஜர்மேல் வந்தது. என்மேல் வந்தது.

மேனேஜர் சார் சேதி கேட்டதும் சிரிக்கவில்லை. இருநூறாவது நாளுக்கு வெளியிலிருந்து தரம் பார்க்கும் குழு வருவதாக ஏற்பாடு, பதினைந்து நாள் பாக்கி. "சிகிச்சையப் பாருங்க, நான் தடுக்கல. எழுத்துல மட்டும் அப்புறமா பார்த்துக்கலாம். வேற எங்கயாவதுலேர்ந்து வந்த கிருமியா இருக்கலாமில்ல?" என்றார்.

"லைன்லேர்ந்துதான் சார் வந்துச்சு. அவர் சம்சாரத்துகிட்ட நான் இன்னைக்கே சொல்லப் போறேன்."

"சொல்லி? கேஸ் போட்டா?"

"போடட்டும்."

பலகையை அவளே ஸ்டூல் போட்டு ஏறிக் கழற்றினாள். மேலேயிருந்த விளக்கு கொஞ்ச நாள் வெறும் சுவரில் எரிந்துகொண்டிருந்தது.

அண்ணன் பிழைத்துக்கொண்டார். பத்து நாள் இழுபறி. காய்ச்சல் இறங்கியது, வாயால் கஞ்சி குடித்தார். இடது கண் போய்விட்டது. வலது கண்ணில் பாதி மிச்சம். இனி லிஃப்ட் பொத்தான்களைத் தடவித்தான் பார்க்க வேண்டும் என்றார், அதையும் வேடிக்கையாகவே சொன்னார். எங்களில் ஒருவராலும் சிரிக்க முடியவில்லை.

அண்ணியிடம் சொன்னபோது நானும் கூட இருந்தேன், அவள்தான் வரச்சொன்னாள். சின்ன அறை, மூன்று நாற்காலி, ஒரு தண்ணீர் ஜாடி. என் மனைவி எதையும் பூசி மெழுகவில்லை. ஆறு நாள் ரத்தம் எடுக்காமல் விட்டோம், எடுத்திருந்தால் கண் தப்பியிருக்கும், அந்த எண் உடையக்கூடாது என்பதற்காகத்தான் விட்டோம், அந்தப் பலகையை முதலில் மாட்டியவள் நான்தான் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை குரல் நடுங்கவில்லை.

அண்ணி கத்துவார் என்று நினைத்தேன். அடித்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இவரு வாயாடி. புகையா இருக்குன்னு வாய் விட்டுச் சொன்னாரு, நீ வந்து பார்த்த" என்றார். "மூக்குலயும் வாயிலயும் குழாய் சொருகி, பேச முடியாமக் கெடந்தவங்களுக்கு? அவங்களுக்கும் இப்படித்தான் சூடு அளந்தீங்களா?"



அடுத்த ஞாயிற்றுக்கிழமை பழைய சார்ட்டுகள் வைத்திருக்கும் அறையில் நாங்கள் இருவரும் உட்கார்ந்தோம். ஜன்னல் கிடையாது, தூசி. பெரிய டாக்டர் சாவி கொடுத்திருந்தார். அவள் ஒவ்வொரு சார்ட்டாகப் புரட்டுவாள். லைன் போட்ட ஆள், வரிசையாக முப்பத்தேழு புள்ளி ஒன்பது, கூடவே கிருமிக்கொல்லி என்று கண்டால் பெயரைப் படிப்பாள். நான் லேப் பதிவேட்டில் அந்தப் பெயரைத் தேடுவேன்.

"இருக்கா?"

"இல்ல."

அடுத்தது.

"இருக்கா?"

"இல்ல."

மதியத்துக்குள் பதினோரு 'இல்ல' சொல்லியிருந்தேன். பதினோரு பேரில் ஏழு பேர் வீட்டுக்குப் போயிருந்தார்கள். நான்கு பேர் போகவில்லை. அந்த நான்கு பேருக்கும் லைனில் கிருமி இருந்ததா, இல்லை வந்த வியாதியே கொண்டுபோனதா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. எடுக்காத ரத்தத்தை எந்த இயந்திரத்தில் வைத்துப் பார்ப்பது? உடம்பு முழுக்கத் தூசியோடு அவள் அந்த நான்கு சார்ட்டையும் தனியே எடுத்து வைத்தாள்.

"தெரியலன்னு சொல்லப் போறியா?" என்றேன்.

"தெரிஞ்சுக்காம விட்டோம்னு சொல்லப் போறேன்."

முதல் சார்ட் ஒரு வயதான அம்மாவுடையது. முன் பக்கத்தில் மகனுடைய எண் இருந்தது. போனை ஸ்பீக்கரில் போட்டாள். மூன்றாவது மணியில் எடுத்தார்கள். எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு என்று சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பையன் குரல் மலர்ந்துவிட்டது.

"சிஸ்டர் நீங்களா! உங்கள எப்படி மறப்போம்? அம்மா போனதுக்கப்புறம் நேர்ல வந்து நன்றி சொல்லணும்னு நினைச்சுட்டே இருந்தோம். கடைசி வாரம் பூரா அம்மாவுக்குக் காய்ச்சலே வரவிடாமப் பார்த்துக்கிட்டீங்க."

என் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். "அதப் பத்தித்தான் தம்பி பேசணும்" என்றாள்.